சொப்பிங் பையில் வந்த செடி

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,
எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.
உரும்பிராய் றோட்டிலுள்ள ஆய்வுகூடத்தில்
கண்ணாடித் தட்டுக் கழுவுகிறவள்,
லேபல் ஒட்டுகிறவள்,
வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துக்
கொப்பியில் பதிகிறவள்.
வியாழக்கிழமை வாக்கெடுப்பு என்று
பேப்பரில் கிடந்தது.

செவ்வாய் காலை ஒருவர் வந்தார்,
புன்னாலைக்கட்டுவன் தர்மபூபதி.
சைக்கிள் காண்டிலில் சொப்பிங் பை,
பைக்குள் வேரோடு பிடுங்கிய வெங்காயம்.
தாள் முறுகி, கழுத்து நீண்டு,
நித்திரை இல்லாதவன் கையெழுத்துப் போல.
"பிள்ளை, இதுக்கு என்ன வருத்தம்?"
மூன்று பரப்பு. மனிசியின் சங்கிலி ஈட்டில்.
மருந்துக் கடையில் ஐந்து போத்தல் கொடுத்தார்களாம்,
ஐந்துக்கும் ஐந்து விலை
ஐந்துக்கும் ஒரே விளக்கம்.

நோய் பார்க்கிற மிஸ் போன வருசம் மாற்றலாகிப் போனா.
அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.
கதிரையை நான் நாளும் துடைக்கிறேன்.
நுணுக்குக்காட்டியைத் துணியால் மூடி வைத்திருக்கிறோம்,
கிளி பறந்த பிறகும்
கூட்டை மூடி வைக்கிறவர்கள் மாதிரி.

பதினாறு வருசம் தட்டுக் கழுவிய கை.
எந்தப் பூஞ்சணம் எந்த நிறத்தில் படரும் என்று
எனக்குத் தெரியும்,
சொல்ல உரிமை இல்லை.
"வைச்சிட்டுப் போங்கோ அண்ணை, பார்த்துச் சொல்லுவினம்."
ஆர் பார்ப்பினம்?

எங்கள் குளிர்ப்பெட்டிக்குள்
ஒன்பது மாரி இருக்கிறது.
பன்னிரண்டு வரிசையில் பதினொன்று முறுகி விழ
ஏழாம் வரிசை மட்டும் நின்றது.
சேற்றில் குந்தியிருந்து எண்ணினேன்,
அறுநூற்றுப் பன்னிரண்டு செடி.
இன்னும் இரண்டு மாரி பார்க்கவேண்டுமாம்,
பிறகுதான் தோட்டங்களுக்குக் கொடுக்கலாமாம்.
கரண்ட் காசு கட்டாத
ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் போதும்,
திங்கள் காலை ஒன்பதும் ஊறிக் கிடக்கும்.
வெட்டின காசை நீங்கள்
வாற வருசம் திருப்பித் தரலாம்.
மாரியைத் தர ஏலுமோ?

நுஸ்கியா என்றொரு மன்னார்ப் பிள்ளை,
விவசாயபீடத்தில் கடைசி வருசம்.
நாற்பது கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்தாள்,
பஸ் காசு தன்னுடையது.
சோதிக்கிற இரசாயனம் முடிந்துபோய்
போத்தல்கள் யன்னல் கரையில் வெயில் காய்கின்றன.
நல்ல தெளிவு.
உரம் கரைந்து இறங்கிய தண்ணீரும்
இப்படித்தான் தெளிவாக இருக்கும்,
அதில் பால்மா கரைக்கிற தாய்க்கு
எப்படித் தெரியும்?

ஆராய்ச்சியைப் பற்றி
உங்களில் ஒருவர் சபையில் சொன்னாராம்,
"வெங்காயம்தான், உரிக்க உரிக்க ஒன்றுமில்லை."
எல்லாரும் சிரித்தீர்களாம்.
ஐயா, நீங்கள் உரித்தது சம்பலுக்கு.
ஒருமுறை நெடுக்காக வெட்டிப் பாருங்கள்.
அடித்தட்டுக்கு மேலே, சதையெல்லாம் சூழ்ந்து காக்க,
அரிசிமணி அளவில் ஒரு குருத்து.
நாங்கள் பார்ப்பது அதை.
கேட்கிற காசும் அதற்குத்தான்.

என் சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை.
அந்தக் கதிரையில் ஒருவர் இருக்கட்டும்.
நுஸ்கியாவின் போத்தல்கள் திறக்கப்படட்டும்.
ஏழாம் வரிசை
இன்னும் இரண்டு மழை நனையட்டும்.

வெள்ளிக்கிழமை வாறன் என்று
சொல்லிவிட்டுப் போனார் தர்மபூபதி அண்ணை.
வியாழன் நீங்கள் கை உயர்த்துவீர்கள்.
எதற்கு என்று எனக்குத் தெரியாது.

பை இன்னும் மேசையில்தான்.
வாய் கட்டியபடியே இருக்கிறது,
உள்பக்கம் முழுக்கப் புகார் படிந்து.
பிடுங்கி இரண்டு நாள்.
செடி இன்னும் மூச்சு விடுகிறது.