பேரேட்டில் ஓர் ஒன்று

கில்மார்ட்டன் கவுண்டியில்
அதிபர் தேர்தல் என்றால்
காப்பி போடுவது நான்.
சீட்டு எண்ணுவதும் நான்.
பேரேட்டில் எழுதிப் பூட்டுகிறவளும் நானே.

1916. ஊதா மை.
ஆயிரத்து இருநூற்று ஏழு வாக்கு.
அப்போது இங்கே ஒரு வங்கி இருந்தது,
இரண்டு பல் மருத்துவர்கள் இருந்தார்கள்,
ஒன்றையொன்று திட்டிக்கொள்ள இரண்டு செய்தித்தாள்கள்.

1932இல் ஊர் மறுகட்சிக்குப் புரண்டது.
அந்த வருடம் கோதுமை விற்ற காசு
அதை அறுத்த கூலிக்குக் காணவில்லை.
எட்டு வருடத்தில் பழைய பக்கம் திரும்பிப் படுத்ததுதான்,
பிறகு அசையவே இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து போன் வரும்:
"இத்தனை உறுதிக்கு என்ன காரணம், மேடம்?"
உறுதியா?
எண்பத்து நான்கு சதவீதம், எண்பத்தாறு, எண்பத்தைந்து.
சதவீதம் நின்ற இடத்தில் நிற்கிறது,
ஆட்கள்தான் போய்விட்டார்கள்.
1952: எழுநூற்று முப்பது.
1984: நானூற்றுப் பதினெட்டு.
போன தடவை நூற்றுத் தொண்ணூற்றாறு.

தேர்தல் இரவில் டிவி வரைபடத்தில்
நாங்கள் ஒரு பெரிய சிவப்புச் சதுரம்.
அதில் முக்கால்வாசி புல்.
மீதியில் வாக்குரிமை இல்லாத
பன்னிரண்டாயிரம் மாடுகள்.

மூன்றாம் பத்தியில் ஓர் ஒன்று உண்டு.
1976இலிருந்து தேர்தல் தவறாமல்
ட்ரை ஃபோர்க் சாவடியிலிருந்து
பெயரே வாயில் நுழையாத ஒரு சிறு கட்சிக்கு
ஒரே ஒரு வாக்கு.
ஊருக்கே தெரியும் அது யாரென்று.
ஆன்ஸ்கர் ட்வெட்.
ரயில்வேயில் இருந்தவர்,
தேவாலயத்தில் எழுந்து நிற்பார், பாடமாட்டார்.
தீவனக் கடையில் எம்மெட் கூக்லர் கேட்பான்:
"என்ன ஆன்ஸ்கர், கட்சி மாநாடு முடிந்ததா
உங்கள் சமையலறையில்?"
சிரிப்பார்.
ஆமென்றதில்லை, இல்லையென்றதும் இல்லை.
கேலி செய்த அதே எம்மெட்தான்
அவர் வேலி சாய்ந்த அன்று
கேட்காமலே கம்பியோடு வந்து நின்றான்.

பிப்ரவரியில் ஆன்ஸ்கர் இறந்தார்.
மண் உறைந்து கிடந்தது,
குழி வெட்ட இரண்டு நாள்.

நவம்பரில் ட்ரை ஃபோர்க் பெட்டியைத் திறந்தேன்.
ஒன்பது சீட்டு.
எட்டைப் பிரித்து அடுக்கிவிட்டேன்.
ஒன்பதாவதில்
அதே சிறு கட்சி.
வட்டத்தை ஓரம் தாண்டாமல் நிரப்பியிருந்த கை
அவசரப்படாத கை.

எதிரே சரிபார்க்க உட்கார்ந்திருந்தது லோர்னா பிஷ்னா.
ட்ரை ஃபோர்க்காரி.
ஜெயிக்கிற கட்சிக்கு இருபது வருடமாகப் பொருளாளர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
துடைத்ததையே துடைத்தாள்.
"ஒன்று" என்றேன்.
"ஒன்று" என்றாள்.
பிறகு, காப்பி ஆறிவிட்டது என்றாள்.

அப்படியென்றால் இத்தனை வருடமும்
ஆன்ஸ்கர் யாருக்குப் போட்டார்?
அல்லது அவர் வைத்துவிட்டுப் போனதை
யாரோ எடுத்துக்கொண்டார்களா?
கேட்கலாம்.
கேட்டால் நான் இந்த வேலையில் இருக்கக்கூடாது.

மாநிலத்திலிருந்து புது ஆணை வந்திருந்தது:
பத்துக்குக் குறைந்த சாவடியில்
யாருக்கு எத்தனை என்று வெளியிடாதே,
நட்சத்திரக் குறி போடு.
கணினியில் போட்டேன்.
பக்கம் முழுக்க நட்சத்திரம்.
ட்ரை ஃபோர்க், மியூல் ஸ்பிரிங், வடக்கு மேடு,
ஆள் இருக்கிற இடமெல்லாம்.
பேரேட்டில் மட்டும் பேனாவை அழுத்தி
ஒன்று என்று எழுதினேன்.
பேரேடு பார்க்க இங்கே யாரும் வருவதில்லை.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.
லோர்னாவின் கார் கிளம்பவில்லை, பேட்டரி செத்திருந்தது.
என் வண்டியை முட்டுமளவு பக்கத்தில் நிறுத்தி
கம்பி மாட்டினோம்.
பம்பரில் அவள் கட்சியின் ஸ்டிக்கர்,
பாதி பனி மூடி.
"இப்போது முறுக்கு" என்றேன்.
முறுக்கினாள்.