அல்லது அதற்கு இணையான சான்று

நூர்மெஸ் நகராட்சியின் கொள்முதல் அறையில்
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
டிசம்பருக்கு அது நேரந்தான்.
ஹில்லெவி மேசைவிளக்கைப் போடுகிறாள்.
எட்டுப் பள்ளி, இரண்டு நூலகம், ஒரு பனிச்சறுக்கு அரங்கம்,
மருத்துவமனையின் முடியாத தாழ்வாரம்,
இத்தனை தரையையும் இரண்டாண்டு கழுவ
ஒரு திரவம் வாங்கியாக வேண்டும்.

மேசைமேல் ஐந்து குப்பிகள்.
ஒன்றில் பச்சை இலை.
யார் கொடுத்த இலை என்று திருப்பிப் பார்க்கிறாள்.
யாரும் கொடுக்கவில்லை, அவர்களே வரைந்துகொண்டது.
கீழே, ‘இயற்கையின் நண்பன்.’
நண்பனுக்கு முகவரி இல்லை.
இன்னொன்றில் அருவி, புல்வெளி, ஒரு மான்.
உள்ளே
எந்த மானும் வாய்வைக்காத நீலம்.

இரண்டில் மட்டும் அன்னம்.
சின்ன முத்திரை, பக்கத்தில் உரிம எண்.
எண்ணைத் தட்டினால் பதிவேடு திறக்கிறது:
எதை அளந்தார்கள், யார் அளந்தார்கள், என்றைக்குக் காலாவதி.
பாலையும் நீரையும் பிரித்த பறவை
பாட்டில் இருந்தது ஒரு காலம்.
இப்போது பாட்டிலில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பிரிக்கவேண்டியதும் மாறிவிட்டது:
பள்ளிக்கூட நுரையை
ஏரித் தண்ணீரிலிருந்து,
இரண்டும் கலப்பதற்கு முன்பே.

நிதிப்பிரிவு வெய்க்கோ கதவில் சாய்ந்து கேட்கிறான்,
“லிட்டருக்கு எழுபது சென்ட் கூடுதல். பறவைக்கா?”
கணக்குத் தாளை அவன் பக்கம் திருப்புகிறாள்.
மலிவானது வாளிக்கு மூன்று மூடி.
அன்னம் அரை மூடி.
உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காப்பிக்குப் போகிறான்.

ஐந்தாம் குப்பியில் படமே கிடையாது.
வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து.
அவுலிக்கி முஸ்டோனென்,
ஏரிக்கு அக்கரையில் மூன்றுபேர் வேலைசெய்யும் கூடம்.
கூடவே நூலால் தைத்த நாற்பத்தொரு பக்கம்.
மேலே ஒரு கடிதம்:

‘முத்திரைக் கட்டணம் எங்களுக்கு
ஒரு குளிர்காலத்து விறகு.
முத்திரை கேட்பதையெல்லாம் அளந்து அனுப்பியிருக்கிறோம்.
படிக்கச் சிரமம். பொறுத்துக்கொள்ளுங்கள்.’

செப்டம்பரில் அறிவிப்பை எழுதியவள் ஹில்லெவிதான்.
‘முத்திரை பெற்றிருக்க வேண்டும்’ என்று எழுதி
சட்டம் சொன்னபடி ஒரு வால் சேர்த்தாள்:
அல்லது அதற்கு இணையான சான்று.
எப்போதும் சேர்ப்பதுதான்.
பதினோரு ஆண்டில்
அந்த வாலைப் பிடித்துக்கொண்டு
ஒருவரும் கரையேறி வந்ததில்லை.

முத்திரை என்றால்
வேறு யாரோ படித்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.
இதை யாரும் படித்திருக்கவில்லை.
அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறாள்.

பாஸ்பரஸ், இல்லை.
நறுமணம், இல்லை.
மக்கும் காலம், இருபத்தெட்டு நாளுக்குள்.
நீர்ப்பூச்சி, பாசி, மீன்குஞ்சு,
எது எத்தனை துளியில் துவளும் என்று ஒரு பட்டியல்,
யாரோ ஆய்வகத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.
இருபத்தொன்பதாம் பக்கத்தில்
பதப்பொருளின் பெயர் இருக்கிறது,
அதை விற்றவரின் உறுதிமொழி இல்லை.

நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்.
தெரிவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
இலை வரைந்தவனும் நல்லவனாகத்தான் தெரிந்தான்.
கேட்டு எழுதுகிறாள்: ‘29ஆம் பக்கம் குறித்து.
வியாழன் நண்பகலுக்குள் அனுப்பவும்.’
அனுப்பும் பொத்தானில் விரல் கொஞ்சம் நிற்கிறது,
பிறகு அழுத்துகிறது.

இஃப்ரா வாளியோடு வருகிறாள்.
பழைய ஒப்பந்தத்தின் எலுமிச்சை நெடி
அவளுக்கு முன்னால் வருகிறது.
கையுறைக்கு மேலே மணிக்கட்டில் சிவந்த வெடிப்பு.
மதிப்பெண் தாளில் விலைக்கு ஒரு பத்தி, ஏரிக்கு ஒரு பத்தி.
மணிக்கட்டுக்கு?
அடுத்த முறை, என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறாள்.

ஐந்தாம் குப்பியைத் திறந்து முகர்கிறாள் இஃப்ரா.
“வாசமே இல்லையே.
கழுவவில்லை என்பார் தலைமையாசிரியர்.”
இருவரும் சிரிக்கிறார்கள்.

வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது,
அடியில் தண்ணீர் விழித்திருக்கும்.
“காலைத் தூக்குங்கள்.”
ஹில்லெவி இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறாள்.
ஈரத் துடைப்பம் நாற்காலிக்கு அடியில் போய்த் திரும்புகிறது.
கண்ணை எடுக்காமல்
முப்பதாம் பக்கம்.