லாங்கென்தாலில் மேசை உடையவில்லை

இருநூற்றுப் பதினான்கு பேர். டிக்கெட் இருபத்தைந்து பிராங்.
மற்ற நாட்களில் ஓய்வூதியக்காரர்கள் குனிந்து நிமிர்கிற மண்டபம்.
தரை மெழுகும் பொரித்த வெங்காயமும் மணக்க
கோடு போட்ட சட்டையில் நான் நடுவே நின்றேன்.
நடுவர் என்றால் நடுவில் நிற்பவர், அவ்வளவுதான்.
நீதி வழங்குவது வேறு உத்தியோகம்.

யார் வெல்வது என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.
ரேத்தோ. ‘ஆல்ப்ஸ் இடி’. ஐம்பத்தொரு வயது.
காலையில் தபால் வண்டி, மாலையில் மீசைக்குச் சாயம்.
இது அவனுடைய கடைசி ஆட்டம்,
பெல்ட்டோடு வீட்டுக்குப் போக வேண்டும்.
எதிரே மர்ஸேய்க்கார ஃபப்ரிஸ், சுறா முகமூடி.
முகமூடிப் பற்களில் ஒன்று ரயிலிலேயே விழுந்துவிட்டது.

மூன்றாம் நிமிடம் மேல்கயிறு தொய்ந்தது,
ஈரப் போர்வை காயப்போட்ட கொடியைப் போல.
அதில் ஏறிப் பாய வேண்டிய ரேத்தோ
ஏறினான், யோசித்தான், இறங்கினான்.
ஃபப்ரிஸ் மட்டும்
பாய்ச்சல் தன்மேல் விழுந்ததாகவே நினைத்து
மல்லாக்க விழுந்து துடித்தான்.

பிறகு புகை இயந்திரம் நிற்க மறுத்தது.
அபாய மணி.
சனம் எழுந்து, வரிசையாக வெளியே போய்,
கார் தரிப்பிடத்தில் பனியில் நின்று,
வரிசையாகவே திரும்பி வந்தது.
அந்தப் பதினொரு நிமிடமும்
இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி கிடந்தார்கள்.
மகளின் சோதனை என்னாயிற்று என்று ஃபப்ரிஸ் கேட்டான்.
கணக்கில் மட்டும் குறைவு என்றான் ரேத்தோ.

பிறகு மேசை.

அடிப்பக்கம் பாதி அறுத்து வைத்த மேசை
ஆள் மாறி சொசேஜ் கடைக்குப் போய்,
நாற்பது கிலோ இறைச்சியையும் கடுகு வாளியையும்
இரவு முழுக்க அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு வந்தது நகரசபையின் மேசை.
ஃபப்ரிஸ் தூக்கி எறிந்தான். ரேத்தோ துள்ளி விழுந்தான்.
மண்டபம் சிரித்தது.
இன்னொரு முறை. இம்முறை கைதட்டி எண்ணினார்கள்.
மூன்றாம் முறை கேட்ட சத்தம் மரத்தினுடையது அல்ல.
யாரும் சிரிக்கவில்லை.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போம் நாங்கள்.
அவனுக்கு அதுதானே தொழில், முப்பது வருடமாக.
அன்று மீசை மேசையில் ஒட்டியது.

ரிங்குக்குள் இழுத்துப் போட்ட பிறகும் அவன் எழும்பவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஃபப்ரிஸ் மெல்ல அவன்மேல் படுத்தான்,
குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி.
காதுக்குள் முதலாளி கத்தினார்: எண்ணாதே, எண்ணாதே.
கை பழக்கத்தில் விழுந்தது.
ஒன்று.
இரண்டு.
இரண்டரையில் தோள் எழ வேண்டும்.
எப்போதும் எழும்.
என் கை காற்றில் நின்றது,
காசு போட மறந்த தராசு போல.
கீழே ஒரு கண் திறந்தது.
‘நிரூ,’ என்றான், ‘எண்ணு.’

மூன்று.

பத்தொன்பது வருடத்தில்
நான் பொய் சொல்லாமல் அடித்த ஒரே மூன்று.

பெல்ட் ஃபப்ரிஸின் இடுப்புக்குப் பூட்டவில்லை.
அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு
சுறா முகத்துக்குள் அழுதான். மூச்சுத் துளையால் சொட்டியது.
இரண்டாம் வரிசையில் ஆறு வயதுப் பொடியன் ஒருவன் மட்டும்
நெஞ்சு வெடிக்க அவனைத் திட்டினான்.
அவ்வளவு மரியாதை அன்று வேறு யாரும் தரவில்லை.
பல் போன இடத்தைத் திருப்பிக் காட்டி
ஃபப்ரிஸ் உறுமினான், கடமையாக.

இரவு பதினொன்றரைக்கு மண்டபக் காவலாளி ஃப்ராவ் ஷுப்பாக்
டார்ச் அடித்து மேசையைப் பார்த்தார்.
கால்கள் சரி. மூலைகள் சரி. கீறல் இல்லை.
நடுவில் மட்டும் வளைந்த ஒரு பழுப்புக் கோடு.
சுத்தம் செய்யப் பன்னிரண்டு பிராங், என்றார்.
விலாவைப் பிடித்தபடி ரேத்தோ
தபால் சீருடைப் பையிலிருந்து
சில்லறையாக எண்ணினான்.
பத்து. பதினொன்று.
ஒரு பிராங் குறைந்தது.
நான் போட்டேன்.