இரைச்சலுக்குக் கழித்தது

முப்பத்தொரு கிலோ.
விற்கிறவர் யாரும் அதைப் போனில் சொல்வதில்லை.
நூறு வாட் என்பார்கள்,
வால்வ் எல்லாம் வந்தபடியே கிடக்கு என்பார்கள்,
சேர்ச்சில் மட்டும்தான் வாசிச்சது என்பார்கள்.
தூக்கும்போதுதான் தெரியும்
இரும்பு முழுக்க ஒரு பக்கம் இருப்பது.

டச்பாரில் பல்தசார் அங்கிளின் முன்னறை.
பங்குனி. கல்முனையிலிருந்து பஸ்ஸில்
பேஸ் கிற்றாரைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டே வந்தவனைப் பார்த்து
"வேர்த்து ஊத்துது மனே" என்று
எழும்பிப் போய்ப் பேனைப் போட்டார், இரண்டில்.

பிறகு அம்பின் முதல் சுவிட்ச்.
"இப்ப தொடாத. சூடேறட்டும்."
கம்பிவலைக்குள் நாலு வால்வும் சிவந்து வர
நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்
அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி.
"மூண்டாவது களைச்சுப் போச்சு" என்றார் அவராகவே.
"அதையும் பார்த்துத்தான் இந்த விலை."

இரண்டாவது சுவிட்ச்.
மொத்தக் கம்பியை ஒருதரம் தட்டினேன்.
சத்தம் காதுக்கு வரவில்லை,
கதிரைக் காலால் ஏறி வந்தது.
அலுமாரிக்குள் பீங்கான்கள் கதைத்தன.
விரலை எடுத்தேன்.
அடியில் ஒரு இரைச்சல்,
போத்தலுக்குள் அகப்பட்ட குளவி.

பதினொரு வருஷம் கலியாண ஹோல்களில் வாசித்தவன்.
எனக்குத் தெரியும் அது அம்பில் இல்லை.
சுவரில் இருந்தது.
பேன் ரெகுலேட்டர்.

முகத்தைச் சுளித்தேன்.
"இரையுதே அங்கிள்."

அவர் முழங்காலில் இருந்து
நல்ல காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தார்.
வயர் மாற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
"நேத்து இரையல்லியே... நேத்து இரையல்லியே..."
வந்தவனுக்குப் போட்ட காற்றை மட்டும்
அவர் சந்தேகப்படவில்லை.

ஒன்று அறுபத்தைந்து, ஒன்று ஐம்பதாயிற்று.
ஓட்டோ வரை ஒரு பக்கம் அவரே பிடித்தார்.
இரும்புப் பக்கம்.

*

ஐப்பசியில் லீசிங்காரன் இரண்டுதரம் வந்துபோனான்.
விற்கப் போட்டேன்: நூறு வாட், வால்வ் எல்லாம்...
தம்பிலுவிலிலிருந்து யதுர்ஷி என்றொரு பிள்ளை
தமையனின் பட்டா லொறியில் வந்தாள்.
மழை வரப்போகிற புழுக்கம்.
நான் பேனைப் போடவில்லை.

வாசித்தாள். நிறுத்தினாள்.
குளவி இல்லை. அறைக்குள் எங்கள் மூச்சுத்தான்.
அவள் நெற்றியிலிருந்து ஒரு துளி
கிற்றாரில் விழுந்தது.
"பேனைப் போடுங்களன் அண்ணா."

போட்டேன்.
என்ன செய்ய.

குளவி எழும்பியது.
அவள் அம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை.
சுவரடிக்குப் போய்
ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருகினாள்.
இரைச்சல் செத்தது, கலண்டர்த் தாள்கள் பறந்தன.

பிறகு போன் லைற்றை அடித்துக் குந்தியிருந்து
பென்சில் முனையால்
ஒவ்வொரு வால்வாகத் தட்டினாள்.
டிக். டிக்.
மூன்றாவதில் ணங் என்று
ஸ்பீக்கர் சாட்சி சொன்னது.
"இதுக்குக் கழியுங்க."
"எவ்வளவு?"
"பதினஞ்சு."

லொறியில் ஏற்றி, தறப்பாள் மூடி,
அவள் போன பிறகும் காசு கையிலேயே இருந்தது.
இரவு போன் அடித்தது. டச்பார்.
இது மூன்றாவது முறை.
"மனே, அந்த இரைச்சல் நிண்டிட்டா?"

"நிண்டிட்டு அங்கிள்."

"என்னடா செஞ்சாய்?"

தலைக்கு மேலே பேன் இன்னும் ஐந்தில்.

"ஒரு வால்வை மாத்தினன்."

மறுமுனையில் அவர் விட்ட மூச்சு
எனக்குக் கேட்டது.
"மூண்டாவதுதானே?
நான் அண்டைக்கே சொன்னன்."
யாருக்கோ உள்ளறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்,
சந்தோசமாக:
"மூண்டாவதாம்!"