ஏழாவது பாட்டு, மூன்றரை நிமிடம்

மர்டொக்கின் வானுக்குள் அந்தச் சீடி சிக்கி
இரண்டு வருடம்.
வெளியே தள்ளும் பொத்தானை அமத்தினால்
ஒரு இருமல், அவ்வளவுதான்.
பிறகு மறுபடி முதலாம் பாட்டு.

விடியப்புறம் நாலு ஐம்பது.
கிரிம்ஸ்பி கோப்பிக் கடை வாசல்.
நாலு பேர், நாலு சாப்பாட்டுப் பெட்டி,
டின் ஹார்பர் குழுவின் மகா வெற்றிகள், பதினாலு பாட்டு.
பேர்லிங்டனில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் ஆலைக்கு
ஒன்பது பாட்டுத் தூரம்.
ஸ்நோ கொட்டினால் பன்னிரண்டு.

பெரிய பாலத்தில் ஏறும்போது
சரியாக ஏழாவது தொடங்கும்.
இடப்பக்கம் ஹமில்டன் இரும்பாலை நெருப்பு.
வலப்பக்கம், ஏரி இருக்கவேண்டிய இடத்தில், இருட்டு.
கிட்டார் உச்சிக்கு வந்து
கீழே எட்டிப் பார்க்கிற நேரம்
ஆரோ அறைக் கதவைச் சாத்துவதுபோலச்
சத்தம் மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

"வெட்டிப்போட்டாங்கள்," என்பார் மர்டொக்.
ஒவ்வொரு நாளும். அன்றைக்குத்தான் கண்டவர்போல.
"ஏழரை நிமிடப் பாட்டு. மூன்றரையில் வாயைப் பொத்திப்போட்டாங்கள்.
மிச்சம் நாலு நிமிடத்தில்தானே அவன் வாசிச்சவன்!"

டோரீனுக்கு வேறு வழக்கு.
முதல் பாட்டுக்காரன் பாடினது ஒன்றுகூட இல்லை.
அட்டைப் படத்தில் அவன் நின்ற இடத்தில்
இப்போது ஒரு மரம் நிற்கிறதாம்.
"மனுசனை வெட்டி மரம் நட்டிருக்கிறாங்கள்."
அவள் முதல் கல்யாணத்தில் ஆடினது அவன் குரலுக்கு,
இரண்டாவதில் இவன் குரலுக்கு.
"எது திறம்?" என்று டிபோர் கேட்டான்.
"பாட்டா, புருசனா?" என்றாள்.

டிபோருக்குத் தொகுப்பென்றாலே முகம் கோணும்.
தன் நாட்டுச் சூப் ஒன்றை உதாரணம் காட்டினான்,
எனக்கு விளங்கினது இவ்வளவு:
குழம்புச் சட்டிக்குள் கைவிட்டு
இறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்றவன்
சமையலுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.
கடைசியில் புதிதாகச் சேர்த்த பாட்டு இருக்கிறதே,
அது காசுக்கு.
அதில் மட்டும் மூவருக்கும் ஒரே மதம்.

பின்சீற்றில் நான்.
"சுகி, நீ சொல்லு," என்றார்கள் ஒருநாள்.

நான் என்னத்தைச் சொல்ல?
எனக்கு வெட்டினதும் தெரியாது, விட்டதும் தெரியாது.
இவர்களை இந்த வானுக்குள்தான் சந்தித்தேன்,
இந்த வரிசையில்.
ஒருமுறை மகனின் போனில்
அவர்களுடைய பழைய தட்டொன்றைப் போட்டேன்.
நாலாவது பாட்டு முடிந்ததும்
என் காது ஐந்தாவதுக்குக் கால் வைத்தது.
அங்கே படி இல்லை.
வேறேதோ பாட்டு. நல்ல பாட்டுத்தான்.
ஆனால் நான் விழுந்துவிட்டேன்.
அதோடு நிப்பாட்டினேன்.

அதைத்தான் சொன்னேன், அரைகுறை இங்கிலிசில்.
விழுந்ததற்குச் சொல் வராமல் கையால் காட்டினேன்.
மர்டொக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
டோரீன் தன் டோனட்டைப் பிய்த்துப்
பெரிய பாதியைப் பின்னுக்கு நீட்டினாள்.

பங்குனியில் வான் செத்தது.
வெலண்ட் பக்கத்து ஆள் ஒருவன்
சீடியும் சேர்த்து எண்ணூறு டொலருக்குக் கொண்டுபோனான்.
"அந்தத் தொகுப்புக்காக ஐம்பது கழிச்சிருப்பான்,"
என்றான் டிபோர்.

அடுத்த வானில் சீடி விழுங்க வாயே இல்லை.
வானொலியை ஒருவரும் தொடவில்லை.
பாலம் வந்தது.
ஆர் தொடங்கினது என்று நிச்சயமில்லை, டோரீன் போல.
பிறகு டிபோர், தொடையில் தட்டித் தட்டி.
நானும், சொல்லில் பாதி பிழையாக.
உச்சியில், பழகின இடத்தில்,
மூவரும் மெல்ல மெல்லக் குறைந்தோம்.

மர்டொக் குறையவில்லை.
மூக்கால், பல்லிடுக்கால், ஸ்டியரிங்கில் பத்து விரலால்.
சுருதி இருந்ததென்று சொல்லமாட்டேன்.
பாலம் இறங்கி, எங்கள் வெளிவழியையும் தாண்டி,
அந்தக் கிட்டார் போய்க்கொண்டே இருந்தது.
ஒருவரும் "விட்டிட்டீங்கள்" என்று சொல்லவில்லை.

பிந்தி அட்டை அடித்தோம்.
கால் மணித்தியாலக் காசு வெட்டினார்கள்.
வெட்டினதைப் பற்றி அன்று மட்டும்
மர்டொக் ஒரு கதையும் கதைக்கவில்லை.