நாலாவது டேக்

டெட்ராய்ட், கிராஷியட் அவென்யூ.
டயாலிசிஸ் நிலையத்தில் காலை ஐந்தரை.
ஏழாம் நாற்காலி ஓடெல் பிக்கன்ஸ்
இடக்கையை நீட்டுகிறார்,
பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதுபோல.

ஊசிக்கு முன் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கவேண்டும்.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடத்தில்
ரத்தம் உறுமும். உறுமினால் நல்லது.
"என்ன சொல்கிறது?"
"உறுமுகிறது."
"எழுபத்திரண்டிலும் அந்தக் கைக்கு அதே வேலைதான்."

லக்கி ட்ரூமன்ட்டை யாருக்குத் தெரியாது?
பியானோமேல் ஏறி நின்று
பெண்கள் எறிந்த கைக்குட்டையில் முகம் துடைத்தவன்.
ஒருநாள் ஆண்டவரிடம் வந்துவிட்டான்.
இனி இடுப்பை ஆட்டமாட்டேன் என்று
வேதத்தின்மேல் கைவைத்துச் சத்தியம்.
பாஸ்டருக்கு ஹாமண்ட் ஆர்கன் போதும்,
பாஸ் கித்தார் பாவம்.

மூன்று டேக் பாடினார்கள்.
மூன்றும் ஆறிப்போன கஞ்சி.

ஆக்சில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
நகக்கண்ணில் கிரீஸோடு வந்திருந்த ஓடெலுக்கு
வயது இருபத்திரண்டு, தூக்கம் வேறு.
சுவரோரம் சாத்தியிருந்த பாஸை எடுத்தார்.
முதல் அடியில் விழுந்தார்.
"கடவுள் ஒன்று என்றார் பாஸ்டர்.
அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று காட்டினேன்,
அவ்வளவுதான்."

ட்ரூமன்ட்டின் முழங்கால் சத்தியத்தை மறந்தது.
கொயர் பெண்கள் செருப்பைக் கழற்றி எறிந்தார்கள்.
'இயேசுவே' வரவேண்டிய இடத்தில்
பழைய அலறல் வந்தது,
பியானோமேல் நின்ற அதே அலறல்.
முகவரி மட்டும் வேறு.

உறுமி அடிக்காமல்
எங்கள் பக்கத்துச் சாமி எதுவும் இறங்கியதில்லை.
இதை நான் சொல்லவில்லை. ஊசியை ஏற்றினேன்.

முந்நூறு பிரதி. லேபிளில் பாடகன் பெயரே தப்பு.
ஓடெலுக்கு நாற்பது டாலர்,
ஒரு தட்டு பொரித்த கேட்ஃபிஷ்.
மறு வருடம் ட்ரூமன்ட்
வெள்ளைக் கால்சட்டையில் லாஸ் வேகாஸில் இருந்தான்.

யாரோ போனில் ஏற்றிக்கொடுத்த பாட்டை
இன்று எனக்குப் போட்டுக் காட்டுகிறார்.
ஆர்கன் கேட்கிறது, கைதட்டல் கேட்கிறது,
அலறலில் எட்டாம் நாற்காலி விழித்துக்கொள்கிறது.
விரல்நகம் அளவு ஸ்பீக்கர்.
பாஸ் மட்டும் இல்லவே இல்லை.

"கேட்டதா?" என்கிறார்.
"காலையில் கேட்டேன்."

பம்ப் சுற்றுகிறது. குழாயில் ரத்தம்.
ஊசி குத்திய கையில் நடுவிரல் துடிக்கிறது.
"கையை ஆட்டாதீங்க."
"நானா ஆட்டுகிறேன்?"

அலாரம் அலறுகிறது.
ஒரு நிமிடம் பொறுத்து அணைக்கிறேன்.