நூலளவு

உருளையைத் திறந்து காலி என்று இருமுறை எண்ணி
குழலை ஜன்னல் பக்கம் பிடித்து
ஒரு கண்ணை மூடுகிறேன்.
கிருஷ்ணகிரிக் கோட்டை மலை முழுசும் உள்ளே நிற்கிறது,
அடிவாரத்தில் ஈயம் அப்பிக்கொண்டு.

ஐம்பதில் முப்பத்தொன்று தாளிலேயே படவில்லையாம்.
"ஈயம் மெத்து. இன்னும் கெட்டியா ஊத்தணும்"
என்கிறார் திம்மராயன் எஸ்.ஐ.
மெத்தென்று இருப்பதன் மேல் பழிபோடுவது
எல்லாருக்கும் சுலபம்.

கே.ஆர்.பி. அணைக்குப் போனேன்.
மீன் வறுக்கிற கடைக்குப் பக்கத்தில்
தூண்டில் ஈயம் ஒன்று வாங்கினேன்.
எண்ணெய் தடவி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி
ஈயம் வழித்த குழலில் இந்த முனை விட்டு அந்த முனை எடுத்தேன்.
குழல் தன் அளவை அதில் எழுதிக் கொடுத்தது.

மைக்ரோமீட்டர் சொன்னது:
எங்கள் குண்டு இளைத்தது,
வெங்காயச் சருகின் கனத்துக்கு.
அந்தச் சருகு வழியாகத்தான்
நெருப்பு குண்டை முந்திக்கொண்டு ஓடுகிறது,
ஓடும்போதே அதன் விலாவை நக்கி
சுவரில் பூசுகிறது.

"செம்புப் பூச்சுக் குண்டு நாலு விட்டா
வழிச்சிக்கிட்டுப் போயிடும்" என்றான் ஏட்டு மாதையன்.
அடைத்த தொண்டையில்
அடுத்த கவளம் திணிக்கிறவனா வைத்தியன்?

பாத்திரம் தேய்க்கிற செம்புக் கம்பியைப் பிரித்து
பிரஷ்ஷில் சுற்றி இழுத்தேன்.
மீன் செதில் மாதிரி
செய்தித்தாளில் விழுந்தது ஈயம்.
ஊதவில்லை. மடித்துக் கட்டினேன்.
சட்டையைத் தனி வாளியில் போட்டு
முழங்கை வரை மூன்று சோப்பு.
வீட்டில் பதினோரு மாதக்காரி ஒருத்தி
என் விரலைத்தான் கடிப்பாள்.

பிறகு அச்சை அகலப்படுத்தினேன்,
நூலில் நூறு பாகம் கூட இல்லை.
அஞ்செட்டித் தேன்மெழுகில் ஆட்டுக்கொழுப்பு உருக்கி
குண்டின் பள்ளத்தில் நிரப்ப,
ஆயுத அறை முழுக்க
முனியப்பன் கோயில் கெடாவெட்டு வாசனை.

ஞாயிற்றுக்கிழமை. பழைய கல்குவாரி.
அதே ஈயம், அதே மருந்து.
ஐம்பதாவது குண்டும் போன பின்
குழல் வாயைச் சுற்றி
ஒரு மெழுகு நட்சத்திரம்.
தொட்டேன். பிசுபிசுத்தது.
உள்ளே வெறும் வெளிச்சம்.

"கெட்டியா ஊத்தினியாம்மா?"
"இல்லைங்கய்யா.
கொஞ்சம் குண்டா ஊத்தினேன்."

அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.